அப்பீல் பாயும் மெத்தைக்கடை மச்சானும்

கால்பந்தில் தோற்பதற்கு நூறு வழி இருக்கிறது. தோற்றதை ஒப்புக்கொள்ள ஒரு வழியும் தெரியாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. அவர் சம்சாரத்துக்குத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். மற்ற எல்லோருக்கும் அவர் அப்பீல் பாய். கூரியர்கூட அந்தப் பெயருக்குத்தான் வரும்.

மைதானத்தில் நடுவர் விசில் ஊதினால் போதும், அப்பீல் பாயின் வலது கை தானாக மேலே போகும். எதிரணிக்குச் சாதகமாக ஊதினால் கை தூக்குவது நியாயம். எங்கள் அணிக்குச் சாதகமாக ஊதினாலும் தூக்குவார். இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஊதியிருக்கலாம் என்பது அவர் கட்சி. மழை வந்து ஆட்டம் நின்றபோது அவர் வானத்தைப் பார்த்துக் கை தூக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு நடுவர், பாவம், வீட்டுக்கு வெள்ளையடிக்க அவர் கடைக்கே போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆஃப்சைடு பற்றிப் பேசி முடிக்காமல் டப்பாவைத் திறக்க மறுத்துவிட்டார் அப்பீல் பாய். முடிவில் நடுவர் ஹாலுக்கு லேசான மஞ்சள் கேட்டார். “மஞ்சளை வெளிய எடுக்கறது உங்களுக்குப் பழக்கம்தானே சார், நீங்களே எடுத்துக்குங்க” என்றார் இவர். அந்த நடுவர் பிறகு வீட்டுக்கு பெயிண்ட் வாங்க ஆரணிக்குப் போனதாகக் கேள்வி.

இந்த மனிதர்தான் எங்கள் மலையடி எஃப்.சி.யின் தலைவர். நான் செயலாளர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம், ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுத எனக்கு வரும் என்பதுதான். பந்தை நான் காலால் தொட்டதே கிடையாது.

அப்பீல் பாய்க்கு ஆட்டத்தைவிட ஆட்டத்துக்குப் பின்னால் நடக்கும் வழக்குகள்தான் உயிர். இங்கிலாந்தில் பெரிய பெரிய கிளப்புகள் பணவிதிகளை மீறியதாகக் குற்றச்சாட்டு வரும். கிளப்புகள் பதிலுக்கு அந்த விதியே செல்லாது என்று வழக்குப் போடும். இதையெல்லாம் அவர் கடையில் உட்கார்ந்து செல்போனில் வரி விடாமல் படிப்பார். படித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடமாட்டார். சுண்ணாம்பு வாங்க வந்த மேஸ்திரி ஒருவர், வெளிநாட்டுக் கிளப் ஒன்றின் விளம்பர ஒப்பந்தம் சந்தை மதிப்புக்கு மேலா கீழா என்று பஸ் ஸ்டாண்டில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததைக் கேட்டு நான் நின்றுவிட்டேன்.

விதி சிக்கலானது அல்ல. ஒரு கிளப் தன் வருமானத்துக்குள்தான் செலவு செய்யவேண்டும். வருமானம் போதாவிட்டால் முதலாளி என்ன செய்வார்? தன் மாமனார், மைத்துனர், பங்காளி என்று யாராவது ஒருவருடைய கம்பெனியைக் கூப்பிட்டு, சட்டையில் விளம்பரம் போடச் சொல்வார். ஒரு ரூபாய் பெறாத விளம்பரத்துக்குப் பத்து ரூபாய் வந்து சேரும். அதைத் தடுக்கத்தான், முதலாளியின் சொந்தக்காரர் விளம்பரம் கொடுத்தால் துருவிப் பார்க்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஊருக்கு இது சரி. நம் பக்கத்தில் சொந்தக்காரனைத் தவிர வேறு யார் விளம்பரம் கொடுப்பான்?

வட மாவட்டங்களுக்கென்று சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் ஒன்று ஆரம்பித்தபோது, அதை நடத்தியவர்கள் அந்த வெளிநாட்டு விதியை அப்படியே தூக்கிவந்து வைத்தார்கள். கூட்டத்தில் அதை எழுந்து நின்று வரவேற்றுக் கைதட்டிய ஒரே தலைவர் அப்பீல் பாய். பின்னால் அந்த விதி யார் தலையில் வந்து விழப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் மெத்தைக்கடை மச்சானைச் சொல்லவேண்டும். அப்பீல் பாயின் சம்சாரத்துக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. போளூர் ரோட்டில் மெத்தை, தலையணைக் கடை. இவர் பேச்சில் புலி என்றால் அவர் பேசாமல் இருப்பதில் புலி. மச்சான்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே வண்டியில் சுற்றியவர்கள். அப்பீல் பாயின் மகள் நிக்காஹ் வந்தது, எல்லாம் கெட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பத்திரிகை கொடுத்து அழைக்கவேண்டும். அதிலும் தாய்மாமனை முதலில் அழைக்கவேண்டும். அப்பீல் பாய் அந்த வாரம் ஒரு பெனால்டியை எதிர்த்து சென்னைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தார். பத்திரிகையைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘நேரில் வருகிறேன்’ என்று ஒரு வரியும் போட்டார். நேரில் போகவில்லை.

மச்சான் மண்டபத்துக்கு வந்தார். தாய்மாமன் முறை ஒன்றையும் குறைவைக்கவில்லை. மருமகள் தலையில் கைவைத்து துஆ செய்தார். பந்தி போட்டதும் பிரியாணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் போவதைவிட நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

வேறு யாராவது என்றால் மறுநாள் மச்சான் வீட்டுக்குப் போய், தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இவர் சட்டம் பேசினார். சம்மன் முறைப்படி கையில் சேராவிட்டாலும் ஆசாமி கோர்ட்டில் ஆஜராகிவிட்டால் சம்மன் செல்லும் அல்லவா, அதுபோல மச்சான் மண்டபத்துக்கு வந்துவிட்டதால் அழைப்பும் செல்லும் என்பது வாதம். இது மச்சான் காதுக்குப் போனது. அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர முறை நிற்கவில்லை. பெருநாளைக்கு அக்காவுக்குப் புடவை வரும். இங்கிருந்து குர்பானிக் கறி அங்கே போகும். மச்சானுக்கு ஜுரம் என்றால் கஞ்சி போகும். எல்லாம் மூன்றாம் ஆள் வழியாக. அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் நான்தான். இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். “அவர்கிட்ட சொல்லுங்க சார்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். நான் திரும்பிச் சொல்வேன். “நீங்களும் அவர்கிட்ட சொல்லுங்க” என்று பதில் வரும். அரசாங்கத்தில் கோப்புகள் சுற்றுவதைப் பார்த்துச் சலித்த எனக்கே கழுத்து வலித்தது.

சட்டை விளம்பரமும் இப்படித்தான் வந்தது. லீக் தொடங்க சில நாட்கள் இருந்தபோது விளம்பரம் தருவதாக இருந்த நகைக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மச்சான் என்னைக் கூப்பிட்டு, “பசங்க சட்டை இல்லாம ஓட முடியாது. நான் போடறேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. மத்தபடி எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல” என்றார். நான் வந்து சொன்னேன். அப்பீல் பாய் வெகுநேரம் பிரஷ்களை எண்ணாமலே அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, சரி என்று சொல்லுங்கள் என்றார்.

மச்சான் கடை வாசகத்தை மாற்றாமல் அப்படியே சட்டையில் அச்சடித்துவிட்டார்கள். ‘படுத்தால் எழ மனசே வராது.’ மெத்தைக்கு அருமையான வாசகம். கால்பந்து அணிக்கு அதைவிட மோசமான வாசகம் கிடைக்காது. எங்கள் ஆட்டக்காரர் யாராவது அடிபட்டு விழுந்தால் நடுவர் குனிந்து நெஞ்சைப் படித்துவிட்டு, நடிக்கிறான் என்று முடிவுகட்டிவிடுவார். எதிரணி ரசிகர்கள் எங்கள் கோல்கீப்பருக்குத் தாலாட்டுப் பாடினார்கள். அதை எதிர்த்தும் அப்பீல் பாய் புகார் கொடுத்தார்.

இருந்தும் நாங்கள் நன்றாகவே ஆடினோம். அதுதான் வினை. எங்களுக்குக் கீழே இருந்த பக்கத்து மாவட்டத்து கோட்டை எஃப்.சி.க்காரர்கள், மெத்தைக்கடைக்காரர் கிளப் தலைவரின் மைத்துனர் என்று கண்டுபிடித்து லீக்கில் புகார் கொடுத்தார்கள். விளம்பரத் தொகை கணக்கில் வராது என்று தீர்ப்பானால் எங்கள் புள்ளிகளைக் கழிப்பார்கள், நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். கீழ்ப் பிரிவுக்கு லீக்கிலிருந்து ஒரு பைசா வராது. கோல்கீப்பர் முருகன் அடி அண்ணாமலைக்காரர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு எங்களை நம்பி வந்தவர். கைக்குழந்தை இருக்கிறது. நோட்டீஸ் வந்த அன்று பெயிண்ட் கடைக்கு வந்து நின்றார். “நான் இருக்கேன் இல்ல? போய் பிராக்டீஸ் பண்ணு” என்றார் அப்பீல் பாய்.

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றேன், கேட்கவில்லை. இத்தனை நாள் படித்ததெல்லாம் எதற்கு என்றார். தோற்றால் மேலே போவேன், அங்கேயும் தோற்றால் விளையாட்டு வழக்குகளுக்கென்று சுவிட்சர்லாந்தில் கோர்ட் இருக்கிறது, அங்கே போவேன் என்று பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்துவிட்டார்.

அவர் வாதத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. விதியில் ஒரு சந்து இருந்தது. சொந்தக்காரராக இருந்தாலும், இருவருக்கும் போக்குவரத்து, ஒட்டு உறவு எதுவும் இல்லை என்று நிரூபித்தால் அவரை வெளியாளாகக் கருதலாம். ஆகவே தனக்கும் மச்சானுக்கும் ஜென்மப் பகை என்று நிரூபிக்கப் போகிறாராம்.

சர்க்கரைக்காக அவர் தினமும் காலையில் கிரிவலப் பாதையில் நடப்பார். துணைக்கு நானும் போவேன். அந்த நடையெல்லாம் வாதப் பயிற்சியானது. “சொந்த மச்சானா இருந்தா என்னங்க, ஒரு வாய் தண்ணி கிடையாது எங்களுக்குள்ள” என்று கையை ஆட்டிக்கொண்டு அவர் முழங்கியதைப் பார்த்து, நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார். அவர்களும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

சாட்சிக்கும் பஞ்சமில்லை. பகையைப் பற்றிச் சொல்ல யார் வருகிறீர்கள் என்றதும் தெருவே கிளம்பியது. மண்டபத்து மேனேஜர் வந்தார். தொடாமல் திரும்பிய அந்தத் தட்டில் எத்தனை பெரிய நல்லி எலும்பு இருந்தது என்று பிரியாணி மாஸ்டர் கையாலேயே அளந்து காட்டினார்.

ஆனால் ஒரு சங்கடம். பகையை நிரூபிக்க இரு தரப்பும் சொல்வது ஒத்துப்போகவேண்டும். அதற்காக நாங்கள் மெத்தைக்கடையில் சாயங்காலங்களில் கூடினோம். இருவரும் ஆளுக்கொரு மெத்தையில், நடுவில் நான். பந்தி ஆரம்பித்தது எப்போது, மச்சான் எந்த வாசல் வழியாகப் போனார் என்றெல்லாம் என் வழியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா செருப்பைத் தொலைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இருவரும் என்னை முறைத்தார்கள். இன்னொரு நாள் மச்சான், “மாத்திரை போட்டாரான்னு கேளுங்க. முகம் ஒரு மாதிரி இருக்குது” என்றார். பகை இந்த வேகத்தில் போனால் விசாரணை வரை தாங்காது என்று எனக்குப் பயம் வந்தது.

விசாரணை சென்னையில் ஒரு ஓட்டலின் மீட்டிங் ஹாலில். விசாரித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கோட்டை எஃப்.சி. சார்பில் இளம் பெண் வக்கீல். குரலை உயர்த்தவே மாட்டார். அப்பீல் பாய் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். இங்கிலாந்தை விட்டு அவர் ஊருக்கு வந்து சேரவே அரை மணி ஆயிற்று. பிறகு மச்சானைக் கேள்வி கேட்கவேண்டிய கட்டம். அப்பீல் பாய் என் பக்கம் திரும்பி, “கல்யாணத்துக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசியிருக்காரான்னு கேளுங்க” என்றார். நான் கேட்டேன். “இல்லன்னு சொல்லுங்க” என்றார் மச்சான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அவர் எதிர்லதானே இருக்கார்? ஏன் இவர்கிட்ட சொல்றீங்க?”

“அதுதாங்க சார் எங்க கேஸே” என்றார் அப்பீல் பாய்.

ஹாலில் சிரிப்பு. நீதிபதியும் சிரித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அந்தப் பெண் வக்கீல் எழுந்து, இவர்கள் பகையைத் தாங்கள் சந்தேகிக்கவில்லை என்றார். ஒட்டு உறவு இல்லை என்பது உண்மையானால், இனிமேலும் இரண்டு குடும்பத்துக்கும் எந்தப் போக்குவரத்தும் இருக்காது என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த நிமிஷமே புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டது. காகிதம் வந்தது.

இவ்வளவு சுலபமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு கையெழுத்து, புள்ளிகள் தப்பின, முருகன் வீட்டில் அடுப்பு எரியும். மச்சான் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“அவர்கிட்ட சொல்லுங்க சார், பசங்க சம்பளம் முக்கியம். நான் போட்டுடறேன். அக்காகிட்ட மட்டும் அவரே சொல்லிக்கட்டும்.”

பேனாவை எடுத்தார். நான் திரும்பிச் சொல்வதற்குள் அப்பீல் பாயின் கை நீண்டு மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

“போடாத மச்சான்.”

மூன்று வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் பேச்சு.

“உங்க அக்காவுக்குத் தாய் வீடுன்னு மிச்சம் இருக்கறது உன் வாசல் ஒண்ணுதான். அதை எழுதிக் குடுத்துட்டு நான் வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்?” என்றார். மணிக்கட்டை இன்னும் விடவில்லை. “நான் நேர்ல வந்து அழைச்சிருக்கணும். தப்பு என்னுதுதான்.”

டைப் அடித்துக்கொண்டிருந்தவர், இதையும் பதிவு செய்யலாமா என்று நீதிபதியைப் பார்த்தார். “பண்ணிக்குங்க” என்றார் அப்பீல் பாய். மச்சான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் முழுவதையும் துடைத்தார்.

“அப்போ உங்க வாதம் என்னாகறது?” என்றார் நீதிபதி.

“வாபஸ் வாங்கிக்கிறேன் சார்.”

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. எதிர்த்தரப்புப் பெண் வக்கீல் குனிந்து தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் விதி விதிதான். எங்கள் புள்ளிகள் போயின. மலையடி எஃப்.சி. கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

வெளியே வந்ததும் அப்பீல் பாய் முதலில் செய்த காரியம் முருகனுக்கு போன் போட்டதுதான். இடிந்து போயிருப்பார் என்று நான் பக்கத்தில் நின்றேன். இந்த மனிதர் இடிகிற ஆளா? தோற்றுவிட்டோம் என்று நாலே வார்த்தையில் சொல்லிவிட்டு, சம்பளம் நிற்காது என்றார். கீழ்ப் பிரிவில் சொந்தக்காரர் விதியே கிடையாதாம். அதை எப்போதோ படித்து வைத்திருக்கிறார். அங்கே மச்சான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேட்க ஆளில்லை. “அடுத்த வருஷம் மேல வர்றோம். வந்து இந்த விதியை மாத்தறோம். நீ பந்தைப் பிடி, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று போனை வைத்தார். பக்கத்தில் நின்ற மச்சான், “நான் குடுக்கறேன்னு எப்ப சொன்னேன்?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னார்.

காரில் ஏறப்போனேன். வரும்போது மச்சான் முன்னால் டிரைவர் பக்கத்திலும், அப்பீல் பாய் பின்சீட்டிலும், தூது போக வசதியாக நான் அவர் பக்கத்திலும் உட்கார்ந்து வந்திருந்தோம். இப்போது பின்சீட்டில் மச்சான்கள் இருவரும் நெருக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். என்னை முன்னால் போகச் சொன்னார்கள். தாம்பரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. திண்டிவனத்தில் டீ குடிப்பதா, செஞ்சியில் குடிப்பதா என்று சண்டை. திண்டிவனத்தில் பால் கம்மி என்கிறார் ஒருவர். செஞ்சியில் சர்க்கரை ஜாஸ்தி, உங்களுக்கு ஆகாது என்கிறார் மற்றவர். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, பழசெல்லாம் இழுத்து, மூன்று வருஷத்துப் பேச்சையும் அந்த ரோட்டிலேயே பேசித் தீர்த்துவிடுவது என்ற முடிவோடு இருந்தார்கள். கடைசியில் இரண்டு ஊரிலும் வண்டி நிற்கவில்லை. என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. ஊர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.